பழைய காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: சரிசெய்வதா, பிரிப்பதா, மாற்றுவதா?

ஐம்பது ஆண்டு ஓடிய காரில் ஆட்டோமேட்டிக் கியர் மாறும்போது இருக்கையின் முதுகில் ஓர் உதை விழுகிறது. இன்னொரு காரில் இன்ஜின் ஒரு கணம் வெறுமனே உறுமிவிட்டுப் பிறகுதான் அடுத்த கியரைப் பிடிக்கிறது. மூன்றாவது காரில், காலையில் லீவரை ‘டி’யில் வைத்து இரண்டு மூன்று நொடி காத்திருந்தால்தான் வண்டி அசைகிறது. மூன்று உரிமையாளர்களும் “கியர் சரியாக விழவில்லை” என்றுதான் சொல்கிறார்கள். மூவருக்கும் “இறக்கி ஓவர்ஹால் செய்துவிடுங்கள்” என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. முதல் கார் பெரும்பாலும் கியர்பாக்ஸ் பெட்டியைத் திறக்காமலே சரியாகிவிடும். இரண்டாவதைச் சோதிக்காமல் எதுவும் சொல்ல முடியாது. மூன்றாவதில் உள்ளே இருக்கும் ரப்பர் இறுகிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் திறந்தே ஆக வேண்டும்.

நான் மூன்று பெட்டிகளை மேசையில் பிரித்துச் சேர்த்திருக்கிறேன். பிரிக்கத் தேவையில்லை என்று கண்டுபிடித்து விட்டுவைத்தவை அதைவிட அதிகம். அந்த அனுபவத்தில், உரிமையாளர் முன் இருக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்: வெளியிலிருந்தே அளவுகளைச் சரிசெய்வது, ஆயிலை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கும் வால்வுத் தொகுதியான வால்வு பாடியை மட்டும் கவனிப்பது, பெட்டியை முழுவதுமாகப் பிரித்துச் சேர்ப்பது, ஏற்கெனவே ஓவர்ஹால் செய்த இன்னொன்றை மாற்றாக வாங்குவது, ஓவர்டிரைவ் (இன்ஜின் மெதுவாகச் சுழலும் உயர் கியர்) உள்ள பிற்காலப் பெட்டிக்கு மாறுவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காருடன் வந்த பெட்டி இன்னும் காரில் இருந்தால், அதைத் தொழிற்சாலை வைத்த அளவுகளுக்கே திருப்புவதுதான் மென்மைக்கான வழி. அதற்கு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது மட்டுமே கேள்வி.

மென்மை எங்கே உருவாகிறது

பெட்டிக்குள் உராய்வுப் பிளேட்டுகளும் எஃகுத் தட்டுகளும் அடுக்கிய ஒரு கிளட்ச் தொகுதி உராயத் தொடங்கி முழுவதுமாகப் பிடித்து முடிக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. அந்த நேரம் மிகக் குறுகினால் உதை. நீண்டால் பயணிக்கு எதுவும் தெரியாது, ஆனால் பிளேட்டுகள் சூடேறித் தேயும். அந்தக் கால வடிவமைப்பாளர்கள் காரின் எடை, இன்ஜினின் இழுவிசை, பிளேட்டில் ஒட்டிய உராய்வுப் பொருள், ஆயில் ஆகிய நான்கையும் கணக்கிட்டு அந்த நேரத்தை நிர்ணயித்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அதை ஸ்பிரிங்குகளும் சிறு துளைகளும் நடத்தின. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை இன்ஜினின் உறிஞ்சுவிசையை உணரும் ஒரு வேக்குவம் மாடுலேட்டரோ கேபிளோ கம்பியோ பெட்டிக்குச் சொல்லும். வண்டியின் வேகத்தைக் கவர்னர் சொல்லும். இரண்டையும் வைத்து வால்வு பாடி முடிவெடுக்கும். கிளட்சுக்குப் போகும் ஆயில் ஒரேயடியாக மோதாமல் இருக்க, அக்குமுலேட்டர் என்ற ஸ்பிரிங் வைத்த பிஸ்டன் கொஞ்சம் ஆயிலை வாங்கிக்கொண்டு அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றும்.

இதில் எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல. ஒரு பெட்டி எவ்வளவு மென்மையாக மாற முடியும் என்பதற்கு அதன் வடிவமைப்பே ஓர் எல்லை போட்டுவிடுகிறது. 1964-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 400 இதற்கு நல்ல உதாரணம். அதில் ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் மேலே போகும்போது ஒரு கிளட்ச் பிடித்தால் போதும். முந்தைய கியரைத் தாங்கிக்கொண்டிருந்த ஒருவழிக் கிளட்ச் தானாகவே விலகிக்கொள்ளும். ஒன்று விடுவதையும் ஒன்று பிடிப்பதையும் நேரம் பார்த்து இணைக்க வேண்டிய தொல்லை இல்லை. ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவும், 1976-இல் வந்த ஃபெராரி 400 ஆட்டோமேட்டிக்கும் இந்தப் பெட்டியையே எடுத்துக்கொண்டன.

கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் 727-இலும் ஃபோர்டின் சி4-இலும் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நிலைமை வேறு. டிரம்மைச் சுற்றிப் பிடித்திருக்கும் பேண்ட் விட வேண்டும், அதே கணத்தில் கிளட்ச் பிடிக்க வேண்டும். பேண்ட் முந்தி விட்டால் இன்ஜின் உறுமும். பிந்தி விட்டால் இரண்டு கியரும் ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டு வண்டி தடுமாறும். மிக உறுதியான பெட்டிகள் இவை. ஆனால் இந்த ஓர் இடத்தில் அளவு தவறினால் உடனே காட்டிக்கொடுக்கும். இன்னும் பின்னால் போனால், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த முதல் ஹைட்ராமேட்டிக்கில் இரண்டு–மூன்று மாற்றத்தின்போது முன்பக்க கியர்த் தொகுதி ஒரு திசையிலும் பின்பக்கத் தொகுதி எதிர்த் திசையிலும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். அதை மிருதுவாக்க 1956-இல் நிறுவனம் பெட்டியின் அமைப்பையே மாற்றியது. கிளட்சுக்குப் பதிலாக, நிரம்பி வடியும் சிறிய திரவக் கப்ளிங் ஒன்றை அந்த இடத்தில் வைத்தது. ஆகவே 1950-ஐச் சேர்ந்த ஹைட்ராமேட்டிக்கை என்ன செலவு செய்து சேர்த்தாலும் அது டர்போ 400 போல மாறாது. மென்மை வேண்டும் என்று செலவு செய்யப் புறப்படுபவர் முதலில் தன் பெட்டி இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டியைத் திறக்காமல்

இந்த வழிக்கு நான் அதிக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம்.

பெட்டியைச் சந்தேகிக்கும் முன் இன்ஜினைச் சந்தேகியுங்கள். ஐடிலிங் வேகம் கூடுதலாக இருந்தால், நியூட்ரலிலிருந்து ‘டி’க்கு லீவரைத் தள்ளும்போது எந்தப் பெட்டியும் இடிக்கும். வண்டியைத் தூக்கி நிறுத்தி, புரொபெல்லர் ஷாஃப்டைக் கையால் இரு பக்கமும் திருகிப் பாருங்கள். யூனிவர்சல் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தாலும், பின் டிஃபரென்ஷியலில் பல் இடைவெளி அதிகமாகியிருந்தாலும், அந்த ‘டக்’ சத்தம் கியர்பாக்ஸ் சத்தமாகவே கேட்கும். பெட்டியைத் தாங்கும் ரப்பர் மவுண்டும் அப்படித்தான். ஆயிலில் ஊறி உப்பிய மவுண்ட், நல்ல கியர் மாற்றத்தையும் கெட்டதாகக் காட்டும்.

அடுத்து ஆயில். அளவை, வண்டி ஓடிச் சூடான பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். பழைய கிரைஸ்லர் பெட்டிகளில் லீவர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பார்க்கில் வைத்துப் பார்த்தால் அளவு தவறாகக் காட்டும். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினாலும் சுழலும் பாகங்கள் ஆயிலை நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயிலால் அழுத்தம் தர முடியாது.

எந்த ஆயில் என்பது அளவைவிட முக்கியம். ஃபோர்டு தன் பழைய பெட்டிகளுக்கு வகுத்த டைப் எஃப் ஆயிலில், உராய்வை மிருதுவாக்கும் சேர்மானம் இல்லை. பிளேட்டுகள் சேரும் கடைசிக் கணத்தில் அது அழுத்தமாகப் பிடிக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த டெக்ஸ்ரான் வகையில் அந்தச் சேர்மானம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டியில் யாரோ முன்னொரு காலத்தில் டைப் எஃப் ஊற்றியிருந்தால், கியர் வெட்டி விழும். உரிமையாளர் மாடுலேட்டரையும் வால்வையும் தேடிக்கொண்டிருப்பார். எதிர்ப்பக்கமும் உண்டு: டைப் எஃப் கேட்கும் சி4-இல் டெக்ஸ்ரான் ஊற்றினால் முதல் நாள் வெண்ணெய் போல இருக்கும், ஆனால் பிளேட் கூடுதல் நேரம் வழுக்கித் தேய்ந்துகொண்டிருக்கும். 1970-களின் தொடக்கம் வரை இந்த ஆயில்களில் உராய்வை மிருதுவாக்க ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள்; தடை வந்த பிறகு வேதியியலாளர்கள் மாற்றுத் தேட வேண்டியிருந்தது. மென்மை என்பது எவ்வளவு தூரம் ஆயிலின் வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பழைய ஆயில் கருத்து, கருகிய நெடி அடித்து, வண்டியும் வழுக்கினால், ஆயிலை மாற்றுவது மருந்தல்ல. பிளேட்டின் உராய்வுப் பொருள் ஏற்கெனவே போய்விட்டது. அந்த நிலையில் மாற்றியவர்கள் “புது ஆயில் ஊற்றியதால்தான் பெட்டி போனது” என்று சொல்வார்கள். போனது முன்பே.

வேக்குவம் மாடுலேட்டர் உள்ள பெட்டிகளில் அடுத்த இடம் அதுதான். டர்போ 400-இன் பக்கவாட்டில், ஒரே ஒரு போல்ட்டும் கவ்வியும் பிடித்திருக்கும் சிறிய தகர டப்பா. அதன் முனையில் இருக்கும் ரப்பர்க் குழாயை உருவி, வாயைக் கீழே சாய்த்துப் பாருங்கள். ஒரு சொட்டுச் சிவப்பு ஆயில் வந்தால் போதும், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிட்டது. இன்ஜின் அந்த ஓட்டை வழியாகப் பெட்டியின் ஆயிலை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருக்கிறது. சைலன்சரில் வெண்புகை வருவதும் ஆயில் அளவு காரணமின்றிக் குறைவதும் அதனால்தான். ஆயில் வரவில்லை என்றாலும் குழாயை முழு நீளமும் தடவிப் பாருங்கள். வேக்குவம் குறைந்தால், “ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கிறார்” என்று பெட்டி புரிந்துகொண்டு லைன் பிரஷரை, அதாவது பெட்டிக்குள் ஆயிலின் முதன்மை அழுத்தத்தை, ஏற்றிவிடும். கியர் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் மாறும். நான் முதன்முதலில் ஓவர்ஹாலுக்காக இறக்கத் தயாரான கார், விரல் நீள ரப்பர்க் குழாய் ஒன்றில் இருந்த வெடிப்பால்தான் உதைத்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரின் போல்ட்டுகளைத் தளர்த்திய பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று வேக்குவம் கேஜை மாட்டியபோது தெரிந்தது. போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கிவிட்டு, குழாயை மாற்றி, ஓட்டிப் பார்த்தேன். உதை இல்லை.

மெர்சிடிஸின் 1980-களின் நான்கு கியர்ப் பெட்டிகளும் இதே கதைதான். சில மாடல்களில் கதவுப் பூட்டு முதல் கியர்பாக்ஸ் வரை ஒரே வேக்குவம் வலை. எங்கோ ஒரு கதவுக்குள் கசிந்தால் கியர் இங்கே உதைக்கும்.

மாடுலேட்டர் இல்லாத 727-இல் கார்புரேட்டரிலிருந்து வரும் கம்பிதான் அந்தச் சேதியைச் சொல்கிறது. கார்புரேட்டரை மாற்றியவர்கள் சிலர் அந்தக் கம்பியைப் பொருத்தாமலே விட்டுவிடுகிறார்கள். கியர் சீக்கிரம் சீக்கிரமாக, மிக மென்மையாக மாறும், உரிமையாளருக்கு மகிழ்ச்சி. ஆனால் அழுத்தம் போதாமல் கிளட்ச் எரிந்துகொண்டிருக்கும். எல்லா மென்மையும் ஆரோக்கியம் இல்லை என்பதை இந்தப் பெட்டியில் விலை கொடுத்துக் கற்றவர்கள் பலர்.

பேண்ட் அளவு வெளியிலிருந்து வைக்கக்கூடிய பெட்டிகளில் அதுவும் அரை மணி நேர வேலை. சி4-இன் இடைநிலை பேண்ட்டை 10 அடி-பவுண்டு முறுக்கம் வரை முடுக்கி, பிறகு ஒன்றே முக்கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். ஃபோர்டின் சி6-இல் ஒன்றரைச் சுற்று. 727-இல் 72 அங்குல-பவுண்டு. எத்தனை சுற்றுத் தளர்த்துவது என்பது ஆண்டையும் இன்ஜினையும் பொறுத்தது, ஆகவே அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு–மூன்றில் உறுமும் சி4-ஐ இந்தக் கால் சுற்று வித்தியாசம் சரிசெய்துவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். டர்போ 400-இல் இப்படித் திருகுவதற்கு வெளியே எதுவும் இல்லை.

கடைசியாக லைன் பிரஷர். பெட்டியின் வெளிக்கூடான கேஸின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய பிளக்கைக் கழற்றி, கேஜ் மாட்டி, ஒவ்வொரு லீவர் நிலையிலும் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்பதற்கு இந்த ஒரு பக்கக் குறிப்பை விட நம்பகமான சாட்சி கிடையாது. இதைச் செய்யாமல் “ஓவர்ஹால்” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் நான் காரை விடமாட்டேன்.

வால்வு பாடியும் ஷிஃப்ட் கிட்டும்

பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் தட்டான பானைக் கழற்றினால் கைக்கு எட்டுவது வால்வு பாடி. பெட்டி வண்டியிலேயே இருக்கும். சிக்கிய வால்வு, உடைந்த அக்குமுலேட்டர் ஸ்பிரிங், இடம் மாறிய எஃகு உருண்டை, கிழிந்த கேஸ்கெட் ஆகியவை முரட்டு மாற்றத்துக்கு உண்மையான காரணங்கள். இவற்றை இங்கேயே சரிசெய்யலாம். அழுத்தம் சரியாக இருந்து, ஒரே ஒரு மாற்றம் மட்டும் தொடர்ந்து உதைத்தால் இந்த வழி தகும். உருண்டைகள் எந்தக் குழியில் இருந்தன என்பதைத் தொடுமுன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வால்வு பாடியைத் தளர்த்தும் கணத்திலேயே அவை கீழே கொட்டும்.

இங்கேதான் ஷிஃப்ட் கிட் என்ற பெயர் வந்து சேர்கிறது. பெயரைக் கேட்டு, கியர் மாற்றத்தை மேம்படுத்தும் என்று வாங்குகிறார்கள். பெரும்பாலான கிட்டுகள் செய்வது என்ன? துளைகளைப் பெரிதாக்கி, அழுத்தத்தை ஏற்றி, அக்குமுலேட்டரின் வேலையைக் குறைத்து, கிளட்சை வேகமாகப் பிடிக்க வைக்கின்றன. பாரம் இழுக்கும் வண்டிக்கும் பந்தயத்துக்கும் அது நல்லது. பிளேட் குறைவாகச் சூடேறும். மென்மையைத் தேடுபவருக்கு அது நேர் எதிர்த் திசை. சில கிட்டுகளில் மிதமான அளவுக்கும் கடுமையான அளவுக்கும் தனித்தனி ஸ்பிரிங்குகள் உண்டு; மிதமானது தொழிற்சாலை அளவுக்கு அருகில் நிற்கும். வால்வு பாடியின் தட்டில் துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்கிய பிறகு பழைய தட்டு கிடைத்தால் ஒழியத் திரும்ப வழியில்லை. ஆகவே யாராவது முன்பே கிட் போட்ட பெட்டியை வாங்கியிருந்தால், மென்மைக்கு முதல் வேலை அந்தத் துளைகளை அளந்து பார்ப்பதுதான்.

முழுவதும் பிரித்துச் சேர்ப்பது

காலைத் தாமதத்துக்கு வருகிறேன். இன்ஜினையும் பெட்டியையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் இரவில் வடிந்துவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால், நியூட்ரலில் சிறிது நேரம் இன்ஜினை ஓடவிட்டுப் பிறகு ‘டி’யில் வைத்தால் தாமதம் இருக்காது. அதற்குப் பிறகும் குளிரில் தாமதம், சூடானால் சரியாகிறது என்றால் கிளட்ச் பிஸ்டனின் ரப்பர் சீல்கள் இறுகிவிட்டன. வெளியிலிருந்து செய்ய எதுவும் இல்லை. பான் அடியில் உலோகத் துகள் மின்னினாலும், ஆயில் கருகியிருந்தாலும், அழுத்தம் எல்லா நிலையிலும் குறைவாக இருந்தாலும் இதே முடிவுதான்.

நீங்களே செய்யலாமா? பொறுமையும், சுத்தமான மேசையும், அந்தக் குறிப்பிட்ட பெட்டிக்கான புத்தகமும் இருந்தால் செய்யலாம். இன்ஜினைப் போல லேத் வேலை இதில் அதிகம் இல்லை. சுத்தமும் வரிசையும் அளவும்தான் வேலை. இதில் மென்மையை நிர்ணயிக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பிஸ்டன் சீலைக் கழற்றி மேசையில் போட்டால், பழையது பிளாஸ்டிக் வளையல் போலச் சத்தம் எழுப்பும். வளைத்தால் முறியும். புதிய சீல் விரலில் சுற்றிக்கொள்ளும். அந்த மிருதுவான உதட்டைத்தான் டிரம்முக்குள் மடங்காமல் இறக்க வேண்டும். வாசலின் தடவி, மெல்லிய கம்பி வளையத்தால் உதட்டை அங்குலம் அங்குலமாக உள்ளே ஒதுக்கிக்கொண்டே பிஸ்டனைச் சுழற்றினால், ஒரு கணத்தில் அது தன் எடையிலேயே அமர்ந்துவிடும். தட்டி இறக்கினால் உதடு பின்னால் மடியும். மேசையில் தெரியாது, வண்டியில் ஏற்றி ஓட்டும்போதுதான் தெரியும். சாதாரண கிரீஸை இங்கே தடவக்கூடாது. அது ஆயிலில் கரையாமல் போய்ச் சிறு துளைகளை அடைக்கும்.

உராய்வுப் பிளேட்டுகளை அரை மணி நேரமாவது ஆயிலில் ஊறவைத்துப் பொருத்துங்கள். காய்ந்த பிளேட் முதல் பிடியிலேயே மேற்பரப்பைக் கருக்கிக்கொள்ளும். எஃகுத் தட்டுகளில் நீலம் பாய்ந்திருந்தால் அவையும் புதிதாக வேண்டும். அலை வடிவத் தட்டு ஒன்று அடுக்கில் இருந்தால், அது கிளட்ச் பிடிக்கும் முதல் கணத்துக்கு மெத்தை போல வேலை செய்கிறது. அதை எடுத்துவிட்டுக் கூடுதலாக ஒரு பிளேட் போடுவது பந்தயக்காரர் வழக்கம்; நமக்கு வேண்டாம். சேர்த்த பிறகு அடுக்கின் இடைவெளியை மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். இடைவெளி கூடினால் பிஸ்டன் அதிக தூரம் பயணித்துத் தாமதமாகவும் தடாலென்றும் பிடிக்கும். குறைந்தால் பிளேட்டுகள் எப்போதும் உரசிக்கொண்டிருக்கும். “கையால் ஆட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது” என்பது அளவல்ல.

ஷாஃப்டுகளைத் தாங்கும் உலோக வளையங்களான புஷ்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விலை குறைந்த கிட்டில் கேஸ்கெட், சீல், உராய்வுப் பிளேட் மட்டும்தான் வரும். புஷ், எஃகுத் தட்டு, வாஷர், ஃபில்டர் எல்லாம் வேண்டும் என்றால் மாஸ்டர் கிட் கேட்க வேண்டும். தேய்ந்த புஷ் வழியாக ஆயில் கசிந்தால், புதுச் சீல் போட்ட கிளட்சுக்கும் அழுத்தம் போதாது.

மூடுவதற்கு முன் ஒரு சோதனை. ஒவ்வொரு கிளட்சின் ஆயில் துளையிலும் காற்றைச் செலுத்துங்கள். நல்ல சீல் என்றால் உள்ளே ‘தப்’ என்று ஒரு சத்தம், காற்றை எடுத்ததும் இன்னொன்று. ‘ஸ்ஸ்’ என்று நீண்டால் அப்போதே திரும்பப் பிரியுங்கள். அந்த ‘தப்’ சத்தம் மூன்று கிளட்சிலும் சுத்தமாகக் கேட்ட நாளில் எனக்குக் கிடைத்த நிம்மதி இன்றும் நினைவிருக்கிறது.

ஏற்றும்போது டார்க் கன்வெர்ட்டர் பம்ப்பில் முழுவதுமாக அமர வேண்டும். சுழற்றிக்கொண்டே தள்ளினால் படிப்படியாக உள்ளே இறங்கும். கடைசிப் படியை விட்டுவிட்டுப் பெட்டியை இன்ஜினோடு போல்ட் போட்டு இழுத்தால் பம்ப் உடையும். டர்போ வகைப் பெட்டிகளில், போல்ட் போட்ட பிறகு கன்வெர்ட்டருக்கும் இன்ஜின் பக்கத்துத் தட்டான ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே சுமார் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இரண்டையும் இணைக்க வேண்டும். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரைக் கழுவாமல் இணைத்தால், பழைய பெட்டியின் தூள் முழுவதும் புதிய வால்வு பாடிக்குள் வந்து சேரும்.

இதையெல்லாம் வாசிக்கும்போது கை பரபரக்கிறது என்றால் நீங்களே செய்யுங்கள். சலிப்புத் தட்டுகிறது என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை. ஆனால் “தெரிந்தவர்” என்பவர் உங்கள் பெட்டியைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். போர்க் வார்னர் 35 பெட்டியை வாழ்நாளெல்லாம் சேர்த்த ஒருவருக்கு 727 புதிது. அவரிடம் நான் கேட்கும் கேள்விகள் மூன்று: பழைய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா, கிளட்ச் இடைவெளிகளை எழுதித் தருவீர்களா, கன்வெர்ட்டரை என்ன செய்யப் போகிறீர்கள்? மூன்றாவதற்கு “பழையதையே போடுவோம்” என்று பதில் வந்தால் பேச்சு முடிந்தது. எரிந்த பெட்டியின் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தூளை வெளியிலிருந்து கழுவி எடுக்க முடியாது. அதை வெட்டித் திறந்து, சுத்தம் செய்து, திரும்ப வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது புதிது வேண்டும். இன்னொன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “எனக்குத் தொழிற்சாலை அளவில் மென்மையான மாற்றம்தான் வேண்டும்.” சொல்லாவிட்டால் பல பட்டறைகள் பழக்கத்தினாலேயே இறுக்கமாகச் சேர்ப்பார்கள். வேகமாகப் பிடிக்கும் பெட்டி திரும்பி வராது என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் பக்கத்தில் அது நியாயமும்கூட.

மாற்றுப் பெட்டி

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஓவர்ஹால் செய்த பெட்டியை வாங்கி, பழையதைக் கொடுத்துவிடுவது வேகமான வழி. வார இறுதியில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஒரே பெயருள்ள பெட்டிக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. பெரிய இன்ஜினுக்கும் சிறியதற்கும் பிளேட் எண்ணிக்கை, கவர்னர் எடை, வால்வு பாடி ஸ்பிரிங், மாடுலேட்டர் எல்லாம் மாறும். எட்டு சிலிண்டர் கனரகக் காருக்குச் சேர்த்ததை ஆறு சிலிண்டர் இலேசான காரில் போட்டால், குறை எதுவும் இல்லாத பெட்டியே உதைக்கும், தவறான வேகத்தில் மாறும். நான் ஒருமுறை அப்படி வாங்கிய பெட்டி வழுக்கவில்லை, கசியவில்லை, ஆனால் ஓட்ட இன்பமாக ஒரு நாளும் இருந்ததில்லை. கவர்னரையும் மாடுலேட்டரையும் மாற்றிய பிறகு பாதி சரியானது, அவ்வளவுதான். காரின் எண்ணோடு பொருந்தும் அசல் கேஸ் கைவிட்டுப் போவது தனி இழப்பு. உங்கள் கேஸ் வெடித்திருந்தால் மட்டுமே இது என் தேர்வாக இருக்கும்.

ஓவர்டிரைவுக்கு மாறுவது

மூன்று கியர்ப் பெட்டியை எடுத்துவிட்டு 1982-இல் வந்த 700ஆர்4 அல்லது அதற்கு ஓராண்டு முன் வந்த 200-4ஆர் பொருத்துவது ஜெனரல் மோட்டார்ஸ் கார்க்காரர்களிடம் பழகிய பாதை. நெடுஞ்சாலையில் இதன் பலன் உண்மையானது: 700ஆர்4-இன் நான்காவது கியர் விகிதம் 0.70, ஆகவே முன்பு 3,000 சுற்றில் ஓடிய இன்ஜின் அதே வேகத்தில் 2,100-இல் ஓடும். இரைச்சல் அடங்கும், எரிபொருள் மிஞ்சும்.

ஆனால் கேள்வி கியர் மாறும் மென்மை பற்றியது என்றால் விகிதங்களைப் பாருங்கள். மூன்று கியர் உள்ள டர்போ 350-இல் முதல் கியர் 2.52, இரண்டாவது 1.52. 700ஆர்4-இல் 3.06, 1.63. அதாவது முதல் மாற்றத்தில் இன்ஜின் வேகம் விழும் படி முன்பைவிட உயரமானது. அந்த மாற்றம் காலடியில் கூடுதலாகத்தான் தெரியும். 200-4ஆரின் 2.74, 1.57 அந்தப் படியைக் கொஞ்சம் குறைக்கிறது; ஓவர்டிரைவ் 0.67. மென்மையை விரும்பி மாற்றுபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். இரண்டிலும் கார்புரேட்டரிலிருந்து வரும் கேபிள்தான் லைன் பிரஷரை நிர்ணயிக்கிறது. கேபிள் இழுக்கும் தூரமும் கோணமும் தவறினால் கிளட்ச் வெகு சீக்கிரம் எரியும். சரியான பிராக்கெட் இல்லாமல் முதல் ஓட்டம்கூட ஓடக்கூடாது. இதோடு கிராஸ் மெம்பர் இடம், புரொபெல்லர் ஷாஃப்டின் நீளம், ஸ்பீடோமீட்டர் கியர், கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்கப்புக்கான மின்கம்பி என்று வேலை நீளும்.

எலெக்ட்ரானிக் பெட்டிகள் வேறு உலகம். 1991-இல் வந்த 4எல்80இ, டர்போ 400-இன் வழித்தோன்றல். தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், கார்புரேட்டரில் ஒரு சென்சாரும் பொருத்தினால், ஒவ்வொரு மாற்றத்தின் அழுத்தத்தையும் வேகத்தையும் லேப்டாப்பில் எண்ணாக வைக்கலாம். மென்மை ஒன்றே அளவுகோல் என்றால் இந்த வரிசையில் எதுவும் இதற்கு ஈடில்லை. நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும் கார், ஏற்கெனவே அசல் இன்ஜினை இழந்த கார், அசல் பெட்டி என்றோ காணாமல் போன கார் ஆகியவற்றுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். அசல் கார் ஒன்றின் தரையை வெட்டி இதை நுழைப்பதற்கு மட்டும் என் மனம் ஒப்பாது. அந்த வண்டி எப்படி மாறியது என்று உணர்வதற்கு இனி வேறு வண்டி கிடைக்காமல் போகலாம்.

எந்த மாற்றம் செய்தாலும் பழைய பெட்டியை விற்றுவிடாதீர்கள். ஆயிலை வடித்து, கூலர் குழாய் வாய்களுக்கு மூடி போட்டு, கன்வெர்ட்டர், மாடுலேட்டர், லீவர் கம்பிகள், அந்தக் கிராஸ் மெம்பர், அதன் போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே மரப்பெட்டியில் வைத்து, எந்தக் காருடையது, என்று கழற்றினீர்கள், கேஜ் என்ன காட்டியது என்று ஒரு தாளில் எழுதிக் கேஸோடு கட்டிவையுங்கள்.